பொட்டு வைத்த யன்னல்

7

கதவு திறந்தது. வழி திறக்கவில்லை.

வாசலை நிறைத்துக்கொண்டு குணசேகரம் நின்றார். அலுமாரியை நகர்த்துவது போல ஆளை நகர்த்தினால்தான் உள்ளே போகலாம். அப்படி ஒரு உடம்பு.

“நீர் ஆர்?” என்றார்.

தெரிந்துகொண்டே கேட்ட கேள்வி. சுவிசின் எம்மன்புரூக்கே நகரில் துப்பறியும் குகநாதனைத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. பாதி வீடுகளுக்கு அவர் மாப்பிள்ளை விசாரித்துக் கொடுத்தவர். மீதிப் பாதியில் அவர் விசாரித்ததாலேயே கலியாணம் நின்றது.

குகநாதன் சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டினார். யேசுதாசனுடைய பக்கத்தால் வந்திருப்பதாகச் சொன்னார்.

“அந்தக் கொலைகாரன்ர பக்கமோ?”

பின்னால் நின்ற கோபிஷா தலையை மட்டும் நீட்டினாள். “கொலை எண்டால் ஆள் சாகவேணும் அண்ணை. அக்கா உயிரோட இருக்கிறா. நீங்கள்தான் அவசரப்படுறியள்.”

கோபிஷா இந்த நாட்டிலேயே பிறந்தவள். முந்தி ஒரு காப்புறுதிக் கம்பனியில் முறைப்பாட்டுத் தொலைபேசி எடுத்தவள். நாள் முழுக்கப் பேச்சு வாங்குவதற்கு அங்கே சம்பளம். இப்போது குகநாதனுக்கு உதவியாள், இங்கே பேச்சைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சம்பளம். குறைவுதான், ஆனால் நிம்மதி என்பாள்.

குணசேகரத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. அதற்குள் உள்ளேயிருந்து இன்னொரு குரல் வந்தது. களைத்த குரல். விடுங்கோ மச்சான், பார்த்துப்போட்டுத் துலையட்டும் என்றது. அது வீட்டுக்காரர் இராஜசிங்கம். மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுசனுக்கு மரியாதை எங்கேயிருந்து வரும்.

நடந்தது இதுதான். போன ஞாயிறு பின்னேரம் அவர் மனைவி செல்வராணி தூள் வறுத்தாள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வீட்டிலேயே வறுத்து அரைத்தால்தான் கறி கறியாக இருக்கும் என்பது அவள் கட்சி. இராஜசிங்கம் உருக்குத் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போயிருந்தார். குணசேகரம் செல்வராணியின் மூத்த தமையன். தன் பங்குத் தூளை எடுக்க வந்தவர், தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தார். தங்கச்சி கூடத்தில், பெலட் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள்.

மரத்தூளை அமுக்கிச் செய்த சின்னக் குச்சிகளைத் தானாகவே விழுத்தி எரிக்கிற அடுப்பு அது. இலையுதிர் காலத்தில்தான் பொருத்திப் பூட்டியது. அதிலிருந்து நச்சுக்காற்று வந்திருக்கிறது, மணமுமில்லை நிறமுமில்லை, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் தப்பாது என்று டாக்குத்தர்மார் சொன்னார்கள். அடுப்பைப் பூட்டினவன் யேசுதாசன். அன்று இரவே குணசேகரம் ஊரெல்லாம் ரெலிபோன் அடித்து அவனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டார். கம்பனி அவனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது.

இன்றைக்குத் தீப்பாதுகாப்புப் பரிசோதகர் வருகிறார். பூட்டினதில் பிழை என்று அவர் முடிவெடுத்தால் வழக்கு. வழக்கு வந்தால் யேசுதாசன் கேட்டிருக்கும் சுவிஸ் குடியுரிமை போய்விடும். பிறகு இந்த நாட்டில் ஒரு குழாயைக்கூட அவன் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். அவன் இப்போது தெருவில் கோபிஷாவின் காருக்குள் குந்தியிருக்கிறான். என் வாசற்படியில் கால் வைத்தால் காலை முறிப்பேன் என்று இராஜசிங்கம் சொல்லி அனுப்பியிருந்தார்.

குணசேகரம் ஒரு அடி விலகினார். கோபிஷா ஒருக்களித்து நுழைந்தாள்.

“இந்த வழியால பூனை போறதெண்டாலும் மெலிஞ்ச பூனைதான் போகவேணும்,” என்றாள்.

கூடம் குளிர்ந்து கிடந்தது. அடுப்பின் கதவில் மஞ்சள் நாடா ஒட்டி, கொளுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. இராஜசிங்கம் ஜக்கெட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வேணுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தமிழ் வீட்டில் அதைவிடப் பெரிய பகை கிடையாது.

குணசேகரம் நேரே போய், அடுப்பின் பின்பக்கக் குழாய் வளைகிற மூட்டைக் கையால் தட்டினார். இதுதான் களவு வேலை, மூட்டு இறுக்கமில்லை, இதாலதான் புகை வந்தது, நான் கரண்ட் வேலை செய்கிறவன், எனக்குத் தெரியும் என்றார்.

குகநாதன் மறுக்கவில்லை. பொக்கற்றிலிருந்து வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்து அந்த மூட்டைச் சுற்றித் துடைத்தார். விரித்துக் காட்டினார். தூசி இருந்தது. கரி இல்லை. பிறகு குச்சி கொட்டுகிற மேல் மூடியைத் திறந்து அதன் விளிம்பைத் துடைத்தார். லேஞ்சி கறுத்தது. கீழே, அடுப்பு காற்றெடுக்கிற ஓட்டையிலும் துடைத்தார். அங்கேயும் கறுப்பு.

“குழாய் ஒழுகேல்லை. மேல போகவேண்டிய புகை திரும்பி அடுப்பின்ர வாயால வந்திருக்கு. புகைக்குக் கீழ வர விருப்பமில்லை. அதை ஆரோ இழுத்திருக்கினம்.”

“பேயோ?” என்று குணசேகரம் சிரித்தார். சிரிப்பில் ஈரமில்லை.

குகநாதன் அதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கண்டதை ஒருக்கால் சொல்லுங்கோ என்றார். பொலிசுக்குச் சொன்னதுதான், திரும்ப ஏன் என்று குணசேகரம் முறைத்தார். ஆனால் அவருக்குச் சொல்ல ஆசை இருந்தது. ஒரு கிழமையாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கதை மெருகேறியிருந்தது. தூள் வாசம் வாசல் வரைக்கும் அடித்ததாம். தங்கச்சியைச் செல்லம் செல்லம் என்று கூப்பிட்டாராம். குசினியில் அப்சுக் உச்சத்தில் குளறிக்கொண்டு நின்றதால் தன் குரலே தனக்குக் கேட்கவில்லையாம். சமையல் அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற பெட்டியைத்தான் இங்கே எல்லாரும் அப்சுக் என்பார்கள். வீட்டில் ஒரு யன்னலும் திறந்திருக்கவில்லையாம். ஓடி ஓடி எல்லாவற்றையும் திறந்தது இவர்தானாம்.

“அப்சுக் ஓடிக்கொண்டிருந்தது. யன்னல் எல்லாம் பூட்டு. அப்பிடியோ?” என்றார் குகநாதன்.

“எத்தினை தரம் சொல்லுறது? ஓம்.”

குகநாதன் இராஜசிங்கத்தைப் பார்த்தார். மச்சான் பொலிசிலும் அப்படித்தான் சொன்னவர் என்பது போல அவர் தலையாட்டினார்.

குசினிக்குப் போனார்கள். கோபிஷா அப்சுக்கின் பொத்தானை அமர்த்தினாள். சத்தமில்லை. இன்னொரு தரம் அமர்த்தினாள். இல்லை. எட்டி யன்னலைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே வந்தது, அதோடு அப்சுக்கும் குளறத் தொடங்கியது. பூட்டினாள். நின்றது.

“நல்ல வளர்ப்பு,” என்றாள் கோபிஷா. “யன்னலைக் கேளாமல் மூச்சும் விடாது.”

இராஜசிங்கம் வாய் பார்த்துக்கொண்டு நின்றார். குகநாதன் அவருக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னார். இது பழைய வீடு, ஆனால் யன்னலெல்லாம் புதுசு, பூட்டினால் போத்தல் மாதிரி இறுகிவிடும். பெலட் அடுப்பும் வீட்டுக்குள்ளிருந்துதான் காற்றெடுக்கும், அப்சுக்கும் வீட்டுக்குள்ளிருந்துதான் இழுக்கும். ஒரே காற்றுக்கு இரண்டு பேர் அடிபட்டால் பெலன் கூடினவன் வெல்லுவான். வென்ற அப்சுக், புகையைக் குழாய்க்குள்ளிருந்தே திருப்பி இழுத்துவிடும். அதற்காகத்தான் யன்னல் சட்டத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியும், திறக்கிற கதவில் ஒரு வெள்ளைக் கட்டியும் யேசுதாசன் பூட்டி வைத்தான். கட்டிக்குள் காந்தம். யன்னல் பூட்டியிருக்கையில் இரண்டும் முகம் பார்க்கும், அப்சுக் ஓடாது. திறந்தால்தான் ஓடும்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமை எப்பிடி ஓடினது?” என்றார் இராஜசிங்கம்.

அந்தக் கேள்விக்காகத்தான் குகநாதன் காத்திருந்தார். ஆனால் பதிலை முந்திக்கொண்டு பிடித்தவர் குணசேகரம்.

“பார்த்தியோ மச்சான். இதைத்தான் நானும் சொல்லுறன். உவன் பூட்டின சுவிட்ச். ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் வேலை செய்யாது. குழாயில பிழையில்லை எண்டால் சுவிட்சில பிழை. ரெண்டும் அவன்ர கைதானே?”

குகநாதன் கொண்டுவந்த கயிறு அவருடைய ஆளின் கழுத்திலேயே விழுந்திருந்தது. இராஜசிங்கத்தின் முகம் திரும்பவும் கறுத்தது. நல்லாத்தான் துப்பறிஞ்சியள், பரிசோதகர் வந்ததும் இதையே சொல்லுங்கோ, எனக்கு வேலை மிச்சம் என்றார்.



வரும்போது படியில் மேல்வீட்டு ஹூபர் கிழவி மறித்துத் தந்த பேச்சு குகநாதனுக்கு ஞாபகம் வந்தது. வருசக்கணக்காக இவர்களுடைய மிளகாய்ப் புகை குசினி யன்னலால் ஏறித் தன் படுக்கைக்கு வருகிறது என்று திட்டியவள், கடைசியில் ஒன்று சொன்னாள். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகுதான் அந்த யன்னல் பூட்டிக் கிடக்கிறதாம், இப்போதாவது புத்தி வந்ததாம். நத்தாருக்குப் பிறகு செல்வராணி சமையலை நிறுத்தவில்லை. யன்னலைத்தான் நிறுத்தியிருக்கிறாள். சில நாள் வேலை செய்து சில நாள் செய்யாத சுவிட்ச் என்றால் சில நாளாவது யன்னல் திறந்திருக்க வேண்டும்.

“அண்ணை,” என்றாள் கோபிஷா. அவள் கதிரையில் ஏறி யன்னலோடு மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். “எங்கட ஆக்கள் காருக்குப் பொட்டு வைப்பினம், கொம்பியூட்டருக்கு வைப்பினம். யன்னலுக்கு வைக்கிறவையோ?”

குகநாதன் போய்ப் பார்த்தார். காந்தக் கட்டியின் ஒரு ஓரத்தில் மஞ்சள் கறை. அரைவட்ட வடிவம். நடுவில் கொஞ்சம் சிவப்பு. யாரோ துடைத்திருக்கிறார்கள், ஆனால் மஞ்சள் கலந்த சந்தனம் வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் ஏறினால் லேசில் இறங்காது. கட்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடா தெரிந்தது. சட்டத்துப் பெட்டியின் நாடா மங்கியிருந்தது. இது பளிச்சென்று இருந்தது.

அந்தக் கறையின் வளைவு கட்டியின் விளிம்போடு வெட்டுப்பட்டு நின்றது. யன்னல் கதவில் தொடரவில்லை. மற்றப் பாதி இந்த யன்னலில் இல்லை.

“கோபிஷா, பிரிட்ஜைப் பார்.”

பிரிட்ஜின் கதவில் செல்வராணியின் சாமிகள் இருந்தன. கோயில் கலண்டரில் வெட்டிய படங்கள். ஒவ்வொன்றையும் ஒரு காந்தம் பிடித்திருந்தது. முருகனை ஒரு பசுமாடு, லட்சுமியை ஒரு மலை, சரஸ்வதியை ஒரு சீஸ் துண்டு. ஒவ்வொரு நெற்றியிலும் வெள்ளிக்கிழமைப் பொட்டு காய்ந்திருந்தது. எல்லாரும் மேல் வரிசை. வரிசையின் முதல் இடம் வெறுமை.

“பிள்ளையார் எங்க?” என்றார் குகநாதன்.

கோபிஷா குனிந்தாள். கீழே, குப்பை எடுக்கிற நாள் போட்ட தாளுக்கும் பீற்சாக் கடை விளம்பரத்துக்கும் இடையில், பீற்சாக் காந்தம் துதிக்கையை மறைக்கப் பிள்ளையார் சரிந்து நின்றார்.

“பிள்ளையாரைப் பீற்சாவுக்குக் காவல் வைச்சிருக்கினம்.” கோபிஷாவின் குரலில் இந்த முறை பகிடி கொஞ்சம்தான் இருந்தது. “அண்ணை, பொட்டு வைக்கிற பொம்பிளை பிள்ளையாரைக் கடைசியில விடமாட்டா. இது அக்கா வைச்ச இடமில்லை.”

இராஜசிங்கம் கிட்ட வந்தார். ஒரு கிழமையாக அந்தப் பிரிட்ஜைத் திறந்து பால் எடுத்தவர், இப்போதுதான் பார்த்தார்.

குகநாதன் படத்தை எடுத்தார். பிள்ளையாரின் நெற்றியில் பொட்டு இருந்தது. பாதிப் பொட்டு. மேல் பாதியை எதுவோ மூடியிருந்திருக்கிறது. நேர்க்கோட்டில் வெட்டினது போல மஞ்சள் நின்றது. அவர் கதிரையில் ஏறி, படத்தை யன்னலில் இருந்த வெள்ளைக் கட்டியின் கீழே பிடித்தார்.

அரைவட்டமும் அரைவட்டமும் சேர்ந்து முழுப் பொட்டு ஆனது.

“இந்தக் கட்டி யன்னலில இருக்கேல்லை,” என்றார் குகநாதன். “நத்தாருக்குப் பிறகு ஆரோ கழட்டினவை. கழட்டினால் யன்னல் எப்பவும் திறந்திருக்கு எண்டு அப்சுக் நம்பும். பூட்டின வீட்டுக்குள்ள ஓடும். கழட்டின காந்தத்தை எறிய மனமில்லாமல் அக்கா பிரிட்ஜில பிள்ளையாரைப் பிடிக்கக் குடுத்தா. ஒவ்வொரு வெள்ளியும் நெற்றியில பொட்டு வைச்சா. பாதி சாமிக்கு, பாதி காந்தத்துக்கு. விழுறதுக்கு முந்தின வெள்ளியும் வைச்சிருக்கிறா. இப்ப அந்தக் காந்தம் யன்னலில இருக்கு. சுவிட்சில பிழையில்லை. அக்கா விழுந்த பிறகு ஆரோ பிரிட்ஜில இருந்து எடுத்துத் திரும்ப ஒட்டியிருக்கினம்.”

“யேசுதாசன் இந்தப் பக்கம் வரேல்லை,” என்றாள் கோபிஷா. “வந்தால் கால் முறியும் எண்டு அறிவிச்சிருந்தது.”

குணசேகரம் சிரிக்கப் பார்த்தார். பிள்ளையாரை வைத்துப் படம் காட்டுகிறீர்களோ, வெள்ளைக்காரப் பரிசோதகன் இதைக் கேட்டால் விழுந்து சிரிப்பான் என்றார். தங்கச்சியே கழற்றியிருப்பாள், தங்கச்சியே ஒட்டியிருப்பாள், அவளுக்கென்ன தெரியும் என்றார். குரல் உயர்ந்துகொண்டு போனது. ஊரில் மாப்பிள்ளை விசாரிக்கிற நாயெல்லாம் என் குடும்பத்துக்குள் வந்து குரைக்கிறதோ என்றார். குகநாதனின் ஜக்கெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். கோபிஷா பக்கத்திலிருந்த தாச்சிச் சட்டியைத் தூக்கினாள்.

“மச்சான், கையை எடுங்கோ.”

இராஜசிங்கம் சத்தம் போடவில்லை. அப்படியிருந்தும் கை எடுபட்டது.

இராஜசிங்கம் குசினித் தட்டில் கையூன்றி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஆஸ்பத்திரியில் செல்வராணி கண் முழித்த அன்று ஒரு கதை கதைத்தவள். மருந்து மயக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

“நான் விழுந்து கிடந்தன், அண்ணை வந்தவர், கண் தெரிஞ்சது, வாய் வரேல்லை எண்டாள். என்னைக் கடந்து குசினிக்குப் போனவர் எண்டாள்.” அவர் நிறுத்தினார். “ஏனப்பா அண்ணை முதல்ல பிள்ளையாரைக் கழட்டினவர் எண்டு என்னட்டைக் கேட்டாள்.”



குணசேகரம் கதிரையில் இருந்தார். இருந்ததும் அந்த உடம்பு பாதியாகிவிட்டது. மேல்வீட்டுக் கிழவி முறைப்பாடு முறைப்பாடென்று தங்கச்சியை அழவைத்தாளாம். யன்னலைத் திறந்தால் கிழவி, பூட்டினால் அப்சுக் இல்லை. நான் கரண்ட்காரன், எனக்கு விளையாட்டு வேலை, காந்தக் கட்டியைக் கழற்றிவிட்டேன் என்றார். விழுந்து கிடந்தவளைக் கண்டதும் விளங்கிவிட்டதாம். தெரிந்தால் வேலை போகும், பிறகு மறியலில் கம்பி எண்ணவேண்டும். கட்டியில் தேய்ந்துபோன நாடாவை, வெளியே நின்ற தன் வேலை வான் வண்டியிலிருந்த நாடாவால் மாற்றிக்கொண்டு, ஒட்டிவிட்டுத்தான் யன்னல்களைத் திறந்திருக்கிறார். அதன் பிறகுதான் அம்புலன்சுக்கு அடித்திருக்கிறார்.

“வானுக்குப் போய் வந்தனீங்களோ?” என்றார் குகநாதன். “அவ கிடக்க?”

“ஒரு நிமிசம்தான்.”

“அந்த ஒரு நிமிசமும் அவ உங்கட கால்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தவ.”

செல்லத்துக்கு நான் உயிரைக் குடுப்பன் என்று குணசேகரம் முணுமுணுத்தார். கோபிஷா தாச்சியைத் திரும்பவும் அடுப்பில் வைத்தாள்.

மணி அடித்தது. பரிசோதகர்.

குகநாதன் நகரவில்லை. இராஜசிங்கம் சுவரில் தொங்கிய மச்சானின் திறப்புக் கோர்வையை எடுத்தார். அதிலிருந்து தன் வீட்டுத் திறப்பைக் கழற்றித் தன் பொக்கற்றில் போட்டார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

“என்ர வீட்டு வாசலில இவ்வளவு நாளும் நீங்கள்தானே நிண்டனீங்கள். போய்த் திறவுங்கோ.”

குணசேகரம் எழும்பினார். சற்று முன் வாசலை அடைத்த உடம்பு, இப்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தது. பரிசோதகர் கையில் பெட்டியோடு உள்ளே வந்தார், வணக்கம் சொன்னார். அவருக்கு இடம் விட்டுக்கொண்டு இராஜசிங்கம் வெளியே போனார். வீட்டுச் செருப்போடு, பனிக்குள், தெருவில் நின்ற காரை நோக்கி. போனவர் காரின் கண்ணாடியில் தட்டுவது குசினி யன்னலால் தெரிந்தது. உள்ளே இருந்தவன் முதலில் கதவைத் திறக்கவில்லை. பயந்திருப்பான். இராஜசிங்கம் இன்னொரு தரம் தட்டினார், மெல்லமாக.

குசினிக்குள் பரிசோதகர் யன்னலைப் பார்த்தார், அப்சுக்கைப் பார்த்தார், பிறகு மேசையில் கிடந்த யானைத்தலைப் படத்தைத் தூக்கிப் பிடித்து, நெற்றியில் பாதிப் பொட்டோடு இது யார் என்று ஜெர்மனில் கேட்டார்.

“சாட்சி,” என்றாள் கோபிஷா அதே பாஷையில். “மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.”